மீதியை வெள்ளித்திரையில்

ஆளில்லாத தீவுக்கு எந்தெந்தப் படங்களை எடுத்துக்கொண்டு போவீர்கள் என்று ஒரு தூத்துக்குடிக்காரரிடம் கேட்டால், எந்தத் தீவுக்கு என்று திருப்பிக் கேட்பார். எங்கள் கரைக்கு எதிரே நிஜமாகவே தீவுகள் இருக்கின்றன. வான் தீவு, காசுவார் தீவு, காரைச்சல்லி, விலாங்குச்சல்லி என்று நான்கு. ராமேசுவரத்தில் தொடங்கும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் தூத்துக்குடிப் பக்கத்துக் கடைசி வரிசை அது. 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகு வனத்துறை அனுமதியில்லாமல் அவற்றில் யாரும் கால் வைக்கக் கூடாது. வீடில்லை, விளக்கில்லை, கடை கண்ணி இல்லை.

நான்கில் விலாங்குச்சல்லி இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்குமென்று பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். பாறை போனதும் அலை நேராக மணலில் அடித்தது. வான் தீவும் பெரும்பகுதி கரைந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யும் எங்கள் ஊர் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகள் செய்து கடலுக்குள் இறக்கியதில் மிச்சம் நிற்கிறது. 1934இல் வந்த 'பவளக்கொடி'யில், பிள்ளை கேட்ட பவளத் தேருக்காகக் கடல் கடந்து போகிற அர்ச்சுனனாகத்தான் தியாகராஜ பாகவதர் முதன்முதலில் திரையில் தோன்றினார். மேடையில் அந்தக் கதையை நாடகமாக்கிய சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்தது தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில். தேருக்குப் பவளம் தேடிப் போன கதையை ஊர் ஊராக விடிய விடியப் பார்த்திருக்கிறோம். சுண்ணாம்புக் காளவாசலுக்குப் பவளம் போன கதையைச் சொல்லும் படம் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

தீவுக்கு எதைக் கொண்டுபோவீர்கள் என்கிற கேள்வியை உலகத்துக்குப் பழக்கியது பி.பி.சி. வானொலி. 1942இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, ராய் பிளம்லி தொடங்கிய நிகழ்ச்சி. தனித்தீவில் ஒதுங்கினால் எந்த எட்டு இசைத்தட்டுகள் வேண்டும் என்று விருந்தினரிடம் கேட்பார்கள். பைபிளும் ஷேக்ஸ்பியரும் தீவில் முன்கூட்டியே இருக்கும். கூடுதலாக ஒரு புத்தகமும் ஒரு சொகுசுப் பொருளும் கொண்டுபோகலாம். தீவில் கிராமபோன் இருக்கிறது என்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. இசைத்தட்டுக்குப் பதில் சினிமா என்று மாற்றியவர்களும் தீவில் திரையும் மின்சாரமும் இருக்கும் என்றே வைத்துக்கொள்கிறார்கள். காசுவார் தீவில் பிளக் பாயிண்ட் கிடையாது. கருவியை எடுத்துவிட்டு யோசித்துப் பார்த்தால், தீவுக்குப் போகிறவனிடம் ஒரு படத்தில் மிஞ்சுவது அவனால் வாய்விட்டுச் சொல்லக்கூடியது மட்டும்தான். முத்தையாபுரத்தில் எங்களுக்குச் சினிமா பெரும்பாலும் அப்படித்தான் வந்து சேர்ந்தது என்பதால் எனக்கு இந்தக் கேள்வி விளையாட்டாகத் தோன்றவில்லை.

என் அத்தை உப்பளத்தில் வேலை பார்த்தாள். திருச்செந்தூர் சாலைக்கு இரு பக்கமும் பாத்தி பாத்தியாக வெள்ளை விரிந்து கிடக்கும் அளங்கள். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் விடியுமுன்பே போய்விடுவார்கள். ஆண்கள் பலகையால் உப்பை வாரி வரப்போரம் சேர்ப்பார்கள். பெண்கள் தண்ணீர் வடிந்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சார்லஸிலோ பாலகிருஷ்ணாவிலோ படம் பார்த்துவிட்டு வந்தவள் திங்கட்கிழமை கதை சொல்ல வேண்டும். அது எழுதாத சட்டம். டிக்கெட்டுக்குக் காசு இருந்தது ஒருத்திக்கு. படம் பார்த்தது பத்துப் பேர்.

அத்தை 'துலாபாரம்' சொன்னதை நான் சிறுவனாக அவள் மடியருகே உட்கார்ந்து வீட்டிலும் கேட்டிருக்கிறேன். மலையாளத்தில் வந்ததைத் தமிழில் ஏ. வின்சென்ட் 1969இல் எடுத்த படம். சாரதாவின் கணவன் ஏ.வி.எம். ராஜன், தொழிலாளர் பக்கம் நிற்கிறவன், கொல்லப்படுகிறான். பசி தாங்காத பிள்ளைகளுக்குத் தாயே விஷம் கொடுக்கிறாள், தான் மட்டும் பிழைத்துக் கூண்டில் நிற்கிறாள். எதிர்த்து வாதாடுகிற வக்கீல் அவளுடைய பழைய தோழி. இதை அத்தை சொல்லும்போது கோர்ட்டில்தான் தொடங்குவாள். "ஏல, கூண்டுல நிக்கா. கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல" என்று சொல்லிவிட்டு நிறுத்துவாள். அடுத்ததைக் கேட்க வேண்டியது நம் பொறுப்பு. ஏன் நிக்கா என்று யாராவது கேட்டால்தான் பின்னோக்கிப் போவாள்.

அவள் சொன்ன கதையில் அந்தக் கணவன் உப்பளத்தில் வேலை பார்த்தான். கூலி கூட்டிக் கேட்டதற்காக அளத்து வரப்பில்தான் அவனை வெட்டினார்கள். ரத்தம் பாத்தியில் இறங்கி அந்த வருஷம் உப்பு சிவப்பாக விளைந்தது. பின்னால் வளர்ந்தபின் நான் படத்தைப் பார்த்தபோது, அதில் ஆலை இருந்தது, சங்கு இருந்தது, கொடி இருந்தது. வரப்பும் பாத்தியும் இல்லை. சாரதா அந்த வேடத்தை மலையாளத்தில் செய்ததற்கு ஊர்வசி விருது வாங்கியவர். தமிழிலும் அவர் முகம் நம்மை விடாது. ஆனால் எனக்கு நெடுநேரம் அந்தச் சிவப்பு உப்பு வரும் வரும் என்று காத்திருந்ததுதான் நினைவிருக்கிறது. அத்தை பொய் சொன்னாள் என்று நான் எண்ணியதேயில்லை. கேட்கிறவர்களுக்கு ஆலையைத் தெரியாது, அளத்தைத் தெரியும். படம் முத்தையாபுரத்துக்கு வந்து சேர அந்த மாற்றம் வேண்டியிருந்தது.

இதே கரையில் இன்னொரு வழியும் இருந்தது. இலங்கை வானொலி எங்களுக்கு உள்ளூர் வானொலி மாதிரிக் கேட்கும். நடுவில் கடல்தான், மலை இல்லை. கே.எஸ். ராஜாவின் 'திரைவிருந்து' நேரத்தில் தெருவில் நடந்து போனால் ஒரு வார்த்தை விடாமல் வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டே போகலாம். படம் எங்கள் ஊருக்கு வருமுன் அவர் குரல் வந்துவிடும். அதோடு ஒலிச்சித்திரம். முழுப் படத்தின் வசனத்தையும் பாட்டையும் காதால் கேட்பது. கோயில் கொடை என்றாலும் சடங்கு வீடு என்றாலும் வேப்பமரத்தில் குழாய் கட்டிவிட்டால் முதலில் பக்திப் பாட்டு, பிறகு 'திருவிளையாடல்'. 1965இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த அந்தப் படத்தைத் திரையில் பார்க்குமுன்பே காதால் மனப்பாடம் செய்த ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. பேச்சில்லாமல் இசை மட்டும் ஓடும் இடங்களில் என்ன நடக்கிறது என்று எங்களுக்குள் பந்தயமே நடக்கும். சிவன் மீனவனாக வந்து கடலில் இறங்கும் பகுதியில் வாத்தியங்கள் மட்டும் வெகுநேரம் முழங்கும். பரதவர் தெருப் பையன்கள் அந்த மீனின் நீளம், வாயகலம், அது எந்த மடையில் கிடந்தது என்பது வரை சொல்வார்கள். திரையில் பார்த்த மீன் அவர்கள் சொன்னதில் பாதிகூட இல்லை.

தீவுக்கு 'திருவிளையாடல்' வருகிறது. அதற்குக் காரணம் மீன் சண்டையோ, கவிதை வழக்கோ இல்லை. மண்டபத்தில் தருமி தனியாகப் புலம்புகிற அந்த இடம். பரிசு அறிவித்திருக்கிறார்கள், அவனுக்குப் பாட்டு எழுத வரவில்லை, பக்கத்தில் யாரும் இல்லை, தனக்குத்தானே பேசிக்கொண்டு இங்குமங்கும் நடக்கிறான். நாகேஷின் உடம்பு அப்போது வளைந்து நெளிந்து ஒரு நிலையில் நிற்காது. அவன் பேசுவதை ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது நமக்குப் பிறகுதான் தெரிகிறது. தனியே இருக்கிறவன் வாய்விட்டுப் பேசினால் அது எங்கோ ஒரு காதில் விழும் என்கிற நம்பிக்கையை இவ்வளவு சிரிப்போடு கொடுக்கிற காட்சி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

தனிமையைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊரில் வ.உ.சி.யைத் தாண்டிப் போக முடியாது. 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார், நாடு கடத்தித் தீவுக்கு அனுப்பும்படி. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, அவர் கோவையிலும் கண்ணூரிலும் சிறையிருந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். 'மெய்யறிவு', 'மெய்யறம்' இரண்டும் சிறையில் உருவானவை. செக்கிழுத்த கையோடு செய்யுள் கட்டியிருக்கிறார். திருக்குறளை நெஞ்சில் வைத்துக்கொண்டு போனவருக்குக் கொட்டடியில் அது துணை நின்றது.

அவரைப் பற்றி பி.ஆர். பந்துலு 1961இல் எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' ஓடவில்லை. வ.உ.சி.யாக நடித்த சிவாஜிக்கே அது மனத்தாங்கல். அந்தப் படத்தில் எனக்கு மறக்காத இடம் செக்கு இல்லை, சிறைவாசல். கதவு திறந்து வ.உ.சி. வெளியே வருகிறார். கூட்டம் இல்லை, மாலை இல்லை. தொழுநோய் பற்றிய உடம்போடு சுப்பிரமணிய சிவா காத்திருக்கிறார். டி.கே. சண்முகம் அந்த வேடம். இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளும் அந்தக் கணத்தை எழுதப் போனால் கை நடுங்குகிறது. இந்தப் படத்தை நான் தீவுக்குக் கொண்டுபோக மாட்டேன். தூத்துக்குடியில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் பார்க்க வேண்டிய படம். ஆனால் ஆளற்ற இடத்தில், தன்னை யாரும் தேடி வருவார்களா என்று கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் பார்க்கக் கூடாத காட்சி அது.

ஏறக்குறைய இந்தத் தேர்வை உண்மையிலேயே செய்து பார்த்தவர்கள் தோணிக்காரர்கள். தூத்துக்குடித் தோணி இன்றும் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறது. கல், மணல், காய்கறி. என் சித்தப்பா ஒருவர் வெகுகாலம் தோணியில் போனவர். மாலேயில் சரக்கு இறக்க முறை வரும்வரை நங்கூரமிட்டுக் கிடக்க வேண்டும். கரையில் இஷ்டம்போல் இறங்க முடியாது. தோணியை நடத்தும் தண்டலிலிருந்து சமையல் செய்கிற பையன் வரை அதே முகங்கள், அதே சோறு. போனில் மெமரி கார்டு வந்த பிறகு ஊரிலிருந்தே படங்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். எந்தப் படங்கள் என்று கேட்டேன். 'கரகாட்டக்காரன்', 'வின்னர்', இன்னும் வடிவேலு காமெடி தனியாக வெட்டி எடுத்தது. நல்ல படம் ஒன்றும் இல்லையா என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "படம் பாக்கிறதுக்கா போடுதோம்? ஆள் சத்தம் கேக்கணும்லா எய்யா. ஒருத்தன் வலையைத் தைப்பான், ஒருத்தன் மீன் அறுப்பான், போனு பாட்டுக்கு ஓடும். அடுத்த வசனத்த நாங்க சொல்லிருவோம்."

எந்தத் திரைப்பட விழாவின் பட்டியலையும் விட இந்தப் பதிலை நான் நம்புகிறேன். நூறாவது தடவை பார்க்கும்போது ஒரு படத்தின் கட்டமைப்பையோ கேமராக் கோணத்தையோ யாரும் நினைப்பதில்லை. அடுத்த வசனத்தை நாம் சொல்ல, அது நமக்குப் பதில் சொல்ல வேண்டும். வாழைப்பழத்துக்குக் கவுண்டமணி கேட்கும் கணக்கும் செந்தில் சொல்லும் பதிலும் நடுக்கடலில் அந்த வேலையைத்தான் செய்திருக்கின்றன.

நாம் தேர்ந்தெடுக்குமுன்பே தேர்வு ஒன்று நடந்து முடிந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபரில் வந்தது. டி.பி. ராஜலட்சுமி நடித்தது. பிரதி எதுவும் இல்லை. அதற்கு முன் இங்கே எடுத்த மௌனப் படங்களில் நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' உட்பட அநேகமாக எல்லாம் போய்விட்டன. 1964இல் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கிய பிறகு பி.கே. நாயர் ஊர் ஊராகப் போய்ப் பழைய பெட்டிகளைத் தேடியிராவிட்டால் இன்னும் பல போயிருக்கும். 1939இல் வந்து தடை செய்யப்பட்ட 'தியாக பூமி' அந்தக் காப்பகத்தில் பிழைத்திருக்கிறது. சுருளில் இருந்த வெள்ளிக்காகவே படங்களை உருக்கி விற்றவர்கள் உண்டு.

போன படங்களுக்குப் பாட்டுப் புத்தகம் மிஞ்சியது. காலணா, அரையணாவுக்குத் தியேட்டர் வாசலில் விற்ற சாணித்தாள் புத்தகம். பின் பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். கதாநாயகி ஆற்றில் விழப்போகும் இடத்தில், வில்லன் கதவைத் தட்டும் இடத்தில் அது நிற்கும். 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று அச்சடித்திருப்பார்கள். பழைய புத்தகக் கடையில் அப்படி ஒன்றைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். வெள்ளித்திரையில் மீதி இல்லை. அதைப் பார்த்துவிட்டு வந்து யாருக்காவது சொன்னவர்களும் இன்று இல்லை. நடுவில் யாராவது ஒருவர், அத்தையைப் போல, வரப்பில் உட்கார்ந்து மீதியைச் சொல்லியிருப்பார். அதைக் கேட்டவர் ஒருவர் எங்காவது இருந்தால், காப்பகம் போய் அவரிடமும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒரே ஒரு படம் என்று நெருக்கினால் என் கை 'காதலிக்க நேரமில்லை' மேல்தான் போகும். 1964, ஸ்ரீதர். வின்சென்டின் கேமரா, ஈஸ்ட்மன் வண்ணம், ஆழியாறு, பாட்டு என்று எல்லாரும் சொல்லும் காரணங்கள் ஒருபுறம் இருக்கட்டும். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பா தன் அப்பாவுக்குக் கதை சொல்லும் காட்சிக்காகவே அந்தப் படம் எனக்கு வேண்டும். அங்கே இருப்பது ஒரு அறை, இரண்டு பேர். நாகேஷிடம் கேமரா இல்லை, நடிகர் இல்லை, ஒரு அடி பிலிம்கூட இல்லை. வாயால் காற்றடிக்கிறார், கதவைக் கிறீச்சிட வைக்கிறார், இருட்டைக் கொண்டுவருகிறார். நாம் நாகேஷைப் பார்த்து ஒருமுறை சிரிக்கலாம். இரண்டாம் முறையிலிருந்து கண் டி.எஸ். பாலையாவை விட்டு நகராது. முதலில் சலிப்பு. பிள்ளை பணத்தைக் கரைக்கிறானே என்கிற எரிச்சல். பிறகு ஒரு புருவம் மெல்ல ஏறுகிறது. தோள் குறுகுகிறது. தோட்டமும் பங்களாவும் உள்ள பெரிய மனிதர், தன் வீட்டுக்குள் தன் மகன் சொல்லும் பேய்க்குப் பயந்து நடுங்குகிறார். நம்பவே கூடாது என்று உட்கார்ந்தவரைக் கதை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பாலையா எங்கள் பக்கத்துச் சுண்டங்கோட்டைக்காரர். எங்கள் மண். கதை கேட்கும் மனிதனை இவ்வளவு துல்லியமாக அவர் எங்கே பார்த்துப் படித்தார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. தாமிரபரணிக் கரைத் திண்ணைகளில் அப்படிக் கேட்கிற முகங்கள் நிறைய. சினிமா என்னவென்று அறிய விரும்புகிற மாணவனுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் காட்சியைத்தான். சொல்கிறவன் ஒருவன், கேட்கிறவன் ஒருவன், நடுவில் ஒன்றுமில்லாத காற்று. தீவில் என்னிடம் இருக்கப்போவதும் அவ்வளவுதான். சொல்கிறவனாக நான் இருப்பேன். கேட்கிற முகத்துக்குப் பாலையா வேண்டும்.

சந்திரபாபுவும் வேண்டும். தூத்துக்குடியில் 1927இல் பிறந்து கொழும்பில் வளர்ந்து சென்னையில் பட்டினி கிடந்து நடிகரானவர். 'சபாஷ் மீனா'வில் இரட்டை வேடம், அதில் ஒன்று சென்னை ரிக்‌ஷாக்காரர். கரையை விட்டுப் போன பிள்ளை எந்த ஊர்ப் பேச்சையும் தன் நாக்கில் ஏற்றிக்கொள்ளும் என்பதை அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். 'ஆயிரத்தில் ஒருவன்' வேண்டாம். எம்.ஜி.ஆர். அடிமைகளோடு தீவில் இறங்கி, கப்பலைப் பிடித்துத் தப்பிப்போகிறார். கப்பல் வராத தீவில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது உடம்புக்கு நல்லதில்லை.

'துலாபாரம்' வரும். வின்சென்டின் சுருள் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, அத்தை சொன்னது என்னிடம் இருக்கிறது.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' பற்றி மட்டும் நெடுநாள் மனதோடு வழக்காடினேன். 1979இல் வந்த அதைவிட நல்ல தமிழ்ப் படம் என்று ஒரு கை விரலுக்குள்தான் என்னால் எண்ண முடியும். அசோக்குமாரின் ஒளியும் இளையராஜாவின் அடக்கமும் அஸ்வினியின் முகமும் சேர்ந்து, பேச்சைக் குறைத்து எடுத்த படம். கடைசியில் ஊரே ஆற்றங்கரையில் நிற்கிறது, ஒருவன் தண்ணீருக்குள் இறங்குகிறான், பிள்ளைகள் கரையில். அதைப் பார்த்து முடித்ததும் ஒன்றும் பேச வராது. எழுந்து பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து நடக்க வேண்டும், பாதி தூரம் போனபின் அவர் ஏதாவது சொல்ல வேண்டும், நாம் அதை மறுக்க வேண்டும். அந்தச் சண்டை இல்லாமல் அந்தப் படம் முடிவதில்லை. ஆகையால் அதைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். முத்தையாபுரத்திலோ ஸ்பிக் நகரிலோ யாராவது ஒரு சின்னத் திரை கட்டி அதைப் போட்டால், இன்னும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு நான் வருவேன்.